அலமாரிக்குள் ஒன்பது மணி நேரம்

சகாதா,
பிப்ரவரி 6

மொரிஹிகோ-சான்,

நேற்று பத்து மணி நேரம் தூங்கினேன். விழித்ததும் உங்களிடம் முதலில் சொல்லத் தோன்றியது இதைத்தான். உங்கள் மேல் இருக்கும் கோபம் பல் துலக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கைபேசியை அணைத்து அக்கா வீட்டு அரிசிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்குத் தொலைபேசியும் கூடாது, திரையும் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அதனால் கடிதம். பேனா பிடித்து எத்தனையோ வருடமாயிற்று, கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரல் இன்னும் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்றது உங்களுக்குத் தெரியும். ஓமியாவில் மனநல மருத்துவரைப் பார்த்த அன்று உங்களுக்கு ஏதோ கூட்டம், கூட வரவில்லை. அங்கே நடந்ததைச் சொல்கிறேன். "வீட்டுல எங்க உக்காந்து வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அலமாரியில் என்று எழுதிக் காட்டினேன். "அலமாரி பக்கத்துலயா?" என்றார். உள்ளே என்று எழுதினேன். "அப்ப கதவு?" சாத்தியிருக்கும் என்று எழுதினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மெத்தைகளை மடித்து வைக்கிற சுவர் அலமாரிக்குள் ஒருத்தி மூன்று வருடமாகத் தினம் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அன்றுதான் நானும் முதல்முறையாகக் காகிதத்தில் பார்த்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே கிடந்து அழுகும். ஜனவரி 24 அன்று ஒரு வாடிக்கையாளர், எங்கள் கம்பெனியின் பச்சைச்சாறுப் பொடி டப்பாவில் கரண்டி இல்லையென்று தொலைபேசியில் நாற்பது நிமிடம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது நீங்கள் வெளியிலிருந்து அலமாரிக் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். சத்தம் போடாதே என்று அர்த்தம். அந்த அழைப்பை முடித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது குரல் போயிருந்தது.

நான் எப்போது திரும்புவேன் என்று கேட்காதீர்கள். திரும்புவேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

தொமிகோ அக்கா உங்களை விசாரித்தாள். சலவைக் கடையில் இந்தக் குளிருக்குக் கோட்டுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. "நீ பேசாம இருக்கறது எனக்கு வசதிதான்டி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கலாம்" என்கிறாள். பேசிக்கொண்டேதான் இருக்கிறாள்.

சயோரி


கவாகுச்சி,
பிப்ரவரி 10

சயோரி,

நீ தூங்கினாய் என்று படித்ததும் கவலை பாதி குறைந்தது. மீதியைப் படித்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அந்த அலமாரியை யாரோ உன்னைப் பிடித்துத் தள்ளிய இடம்போல எழுதியிருக்கிறாய். அதை நான் கட்டினேன், என் கையால், மூன்று வார இறுதி நாட்கள் செலவழித்து. பதினேழு வருடமாகச் சிறிய வீடுகளுக்குச் சமையலறையும் அலமாரியும் வடிவமைக்கிறவன் நான். ஒரு விரற்கடை இடம்கூட வீணாகக் கூடாது என்பதுதான் என் பிழைப்பு. நடுப்பலகையில் பாதியை அறுத்தெடுத்து நீ உட்கார இடம் செய்தேன். மீதிப் பாதி உனக்கு மேசை. கண்ணுக்கும் திரைக்கும் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். சுற்றிலும் நுரைப்பலகை, விளக்கு, சின்ன மின்விசிறி. திரைக்கு மேலே கோப்பு வைக்க ஒரு பலகை. உன்னை ஸ்டூலில் உட்காரவைத்துத்தான் ஒவ்வொன்றையும் அளந்தேன். முடித்துக் காட்டியபோது "அடடா, குகை மாதிரி இருக்கே, பரவாயில்ல" என்று சொன்னவள் யார்?

கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசி வேலை செய்ய வேண்டும். நடுவில் இருப்பது ஒரு காகிதக் கதவு. உன் குரல் என் கூட்டத்தில் கேட்கும், என் குரல் உன் வாடிக்கையாளருக்குக் கேட்கும். வேறு என்ன செய்திருக்க முடியும், நீயே சொல்.

கதவைத் தட்டியது உண்மை. அன்று உள்ளேயிருந்து மடேர் மடேர் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனிக்காரர் திரையில் இருந்தார், "உங்க வீட்ல ஏதோ மராமத்து நடக்குது போல" என்று சிரித்தார். நீ கோபத்தில் பலகையைத் தட்டுகிறாய் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் தட்டினேன்.

மருத்துவரிடம் நீ அலமாரி என்று மட்டும் எழுதியதில் எனக்கு வருத்தம். விளக்கும் விசிறியும் இருப்பதையும் எழுதியிருக்கலாம். வேலைக்கான இடமாக அது அவ்வளவு மோசமில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தினமும் உடோன் நூடுல்ஸ்தான்.

மொரிஹிகோ


சகாதா,
பிப்ரவரி 13

மொரிஹிகோ-சான்,

மோசமில்லையா? சரி. அப்படியானால் அதில் உட்காருங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, கதவைச் சாத்திக்கொண்டு. மதியம் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். கழிப்பறைக்குப் போகும்போது ஐந்து நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும், என் கம்பெனியில் அதைத் திரை கணக்கெடுக்கும். உங்கள் கூட்டங்களையும் அங்கிருந்தே நடத்துங்கள். ஒரு நாள் இருந்துவிட்டு எனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதக் கூடாது. நான் மூன்று வருடம் இருந்தேன், நீங்கள் மூன்று வாரமாவது இருந்து பாருங்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உங்களுக்கு வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வந்தால் எழுதுங்கள், அவ்வளவுதான்.

குகை மாதிரி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். மூன்று வார இறுதி நாட்கள் குனிந்தே அறுத்துக்கொண்டிருந்த மனிதரிடம் வேறு என்ன சொல்வது? நன்றாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். வேண்டுமா என்று கேட்கவே இல்லை.

இங்கே காற்று. நிகாதா ரயில் நேற்று ஓடவில்லை. அக்கா காட் மீனைத் தலையும் ஈரலுமாகப் போட்டு மிசோ சூப் வைத்தாள், மூன்று கிண்ணம் குடித்தேன்.

சயோரி


கவாகுச்சி,
பிப்ரவரி 16

சயோரி,

இன்றோடு இரண்டு நாள் முடிந்தது. சொன்னபடி ஒன்பதிலிருந்து ஆறு வரை, கதவு சாத்தியபடி.

உண்மையைச் சொன்னால் வேலை நன்றாக ஓடுகிறது. கவனம் சிதறவில்லை. சீபாவில் ஒரு வீட்டுக்கு வரைய வேண்டிய சமையலறையை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். முழங்கால் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது, நான் உன்னைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரம், அது வடிவமைப்பின் குற்றமில்லை.

மூன்று வாரம் என்ன, மூன்று மாதம்கூட இருக்கலாம்.

மொரிஹிகோ


கவாகுச்சி,
பிப்ரவரி 23

சயோரி,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

சீபா வீட்டுச் சமையலறையில் தொட்டியை இடமும் அடுப்பை வலமுமாக வைக்க வேண்டும். நான் அத்தனையையும் திருப்பி வரைந்திருக்கிறேன். பதினேழு வருடத்தில் இப்படி ஒரு தவறு செய்ததில்லை. திங்கட்கிழமை பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். நான் அலமாரிக்குள் இருந்தேன். "மன்னிக்கணும், ரொம்ப மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தலை வணங்கினேன். தொலைபேசியில் யார் நம்மைப் பார்க்கிறார்கள், ஆனாலும் மன்னிப்புக் கேட்டால் தலை தானாகக் குனிகிறதே. நெற்றி போய்க் கோப்புப் பலகையின் விளிம்பில் மடேரென்று இடித்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஜனவரி 24 அன்று நான் கேட்ட சத்தம் அதுதான்.

உன் கம்பெனிப் பயிற்சியில் வணங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டால்தான் குரலில் பணிவு வரும் என்று சொல்லிக்கொடுத்ததாக ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒரு நாளைக்கு எத்தனை முறை வணங்குவாய், அறுபதா, எழுபதா? நீ உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் என்று அளந்தேன். குனிந்தால் தலை எங்கே போகும் என்று அளக்கவில்லை.

இன்னொன்று. நீ அந்தப் பலகை விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி ஒட்டுப்பட்டையால் சுற்றி வைத்திருந்தாய். நவம்பரில் அதைப் பிய்த்தெடுத்தது நான்தான், பார்க்க நன்றாக இல்லையென்று. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெற்றியில் ஏன் சிவப்பு என்று நான் கேட்டபோது தூக்கத்தில் இடித்துக்கொண்டேன் என்றாய். அதை நான் நம்பினேன். என்ன மனிதன் நான்.

இப்போது எனக்கு மணி தெரிவதில்லை. திரையைப் பார்க்காவிட்டால் பதினோரு மணியா நாலு மணியா என்று உள்ளேயிருந்து சொல்ல முடியவில்லை. வெளியே வந்த பிறகும் மூச்சு உள்ளேயே இருப்பதுபோல் இருக்கிறது. பசி இல்லை. பார்சல் கொண்டுவந்த ஆளிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன், அவர் போன பிறகு கதவோடு சாய்ந்து நின்றேன். இது ஏழாவது வேலை நாள்தான். மூன்று வாரம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டேன், வாக்கு வாக்குதான்.

அந்தப் பார்சல் விஷயம். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி உன் பெயருக்கு உன் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது. கூடவே ஒரு கடிதம். உனக்காகப் பிரித்துப் படித்தேன், மன்னித்துக்கொள். 'முன்மாதிரி வீட்டுப் பணியிடம்' என்று உன் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பரிசு ஒரு நாற்காலி. ஊழியர் நலப் பிரிவிலிருந்து உசுயி-சான் என்ற அம்மா மார்ச் 3 அன்று கம்பெனி இதழுக்காகப் படம் எடுக்க வருகிறார். நீ குரலுக்கு ஓய்வெடுப்பதால் தொந்தரவு செய்ய மாட்டார்கள், இடத்தை மட்டும் காட்டினால் போதும் என்கிறார்கள்.

எந்த இடத்தை, சயோரி?

மொரிஹிகோ


சகாதா,
பிப்ரவரி 26

மொரிஹிகோ-சான்,

உங்கள் நெற்றிக்கு என்ன போட்டீர்கள்? மருந்துப் பெட்டியில் நீல மூடிக் களிம்பு இருக்கும். நான் அதைத்தான் போட்டுக்கொள்வேன்.

துண்டு விஷயத்தை நானே மறந்திருந்தேன். படித்ததும் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தால் இல்லை, யாரோ ஒருவருக்காவது தெரிந்துவிட்டதே என்றுதான். அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு மாண்டரின் ஆரஞ்சை உரித்து மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது நான் செய்த திருட்டைச் சொல்கிறேன். போன வருடம் கம்பெனி ஒரு சரிபார்ப்புத் தாள் அனுப்பியது. சன்னல் இருக்கிறதா, கால் நீட்ட முடிகிறதா, காற்று வருகிறதா, மனம் சோர்ந்தால் பேச ஆள் இருக்கிறதா என்று இருபது கேள்விகள். ஆம் என்றால் வட்டம், இல்லை என்றால் பெருக்கல் குறி. நான் இருபதுக்கும் வட்டம் போட்டேன். ஒரு பெருக்கல் குறி போட்டாலும் யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வேலை, மேலிடத்துக்கு எழுத வேண்டும், என்னால் அவர்களுக்குத் தொந்தரவு. நம் ஊரில் எவள் பெருக்கல் குறி போடுவாள்? புகைப்படம் வேறு கேட்டார்கள். நீங்கள் முடிவெட்டப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெற்குச் சன்னல் பக்கத்திலிருக்கும் உங்கள் மேசையைத் துடைத்து, உங்கள் பொருள்களை உள்ளறைக்குள் தள்ளிவிட்டு, அழைப்புகளுக்கு நான் மாட்டிக்கொள்ளும் காதொலிக் கருவியை வைத்துப் படமெடுத்தேன். வெயில் நன்றாக விழுந்திருந்தது. அதுதான் இப்போது முன்மாதிரி.

கையெழுத்துப் போட்ட தாளில் பொய் எழுதியிருக்கிறேன். தெரிந்தால் வேலை போகும். கம்பெனிக்கு நான், குரலுக்கு ஓய்வு தேவை என்ற தொண்டை மருத்துவரின் சான்றிதழை மட்டுமே கொடுத்திருக்கிறேன், மற்றதைச் சொல்லவில்லை. அலமாரி வெளியே வந்தால் அதுவும் வரும். எனக்கு வயது நாற்பத்தொன்று, இந்த வேலையை விட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

அதனால் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் தேதி மேசையைக் காலி செய்து, என் கருவியை வைத்து, அந்த நாற்காலியைப் போடுங்கள். உள்ளறைக் கதவைச் சாத்திவிடுங்கள். அந்த அம்மா படமெடுத்துக்கொண்டு போகட்டும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், அது உங்களுக்குக் கஷ்டமில்லாத காரியம்.

அலமாரியிலிருந்து எழுந்துவிடுங்கள். வாக்கிலிருந்து விடுவித்தேன்.

சயோரி


கவாகுச்சி,
மார்ச் 4

சயோரி,

இதை உட்கார்ந்துகொண்டு படி.

நான் அலமாரியிலிருந்து எழவில்லை. நீ விடுவித்தாலும் எனக்கு மனம் வரவில்லை. உசுயி-சான் வந்தபோது அது என் பதின்மூன்றாவது வேலை நாள்.

நீ சொன்னதெல்லாம் செய்திருந்தேன். மேசை துடைத்தாயிற்று, உன் கருவி வைத்தாயிற்று, நாற்காலியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாயிற்று. அவருக்கு ஐம்பது வயதிருக்கும், சிறிய உருவம், பெரிய காமிரா. அவல் மிட்டாய்ப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்ததும் சன்னலைப் பார்த்து, "ஆகா, எவ்ளோ வெளிச்சம்!" என்றார். ஒவ்வொரு கோணமாகப் படமெடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. காமிராவைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "சயோரி-சான் குரல்ல எப்பவும் ஒரு தெளிவு இருக்கும்ங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்வோம். இப்படி வெயில் பாத்த எடத்துல உக்காந்தா வராம என்ன செய்யும்" என்றார்.

சயோரி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

"அது என்னோட மேசைங்க" என்றேன்.

அவர் சிரித்தபடியே இருந்தார், புரியவில்லை. "அப்ப அவங்க எடம்?" என்றார். நான் உள்ளறைக் கதவைத் திறந்தேன், அப்புறம் அலமாரிக் கதவை இழுத்தேன். என் தேநீர்க் கோப்பை, கணினி, கழுத்துக்கு வைக்கிற சின்னத் தலையணை எல்லாம் உள்ளே கிடந்தன. "மூணு வருஷம் இங்கதான் உக்காந்தா. நான் கட்டுனது" என்றேன். வெளி ஆள் ஒருவரிடம் இதைச் சொல்வேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. காதெல்லாம் சுட்டது.

அவர் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். "உள்ள உக்காந்து பாக்கலாமா?" என்றார். உட்கார்ந்தார். "கதவச் சாத்துங்க" என்றார். சாத்தினேன்.

தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு உள்ளேயிருந்து மடேர். தேநீர் சிந்திவிட்டது. கதவைத் திறந்தால் அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். "பயிற்சியில சொல்லிக் குடுக்குற மாதிரி வணங்கிப் பாத்தேன்" என்றார்.

வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். நான் மிட்டாய்ப் பெட்டியை அவர் பக்கமே நகர்த்தினேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டுச் சொன்னார்: "அந்தத் தாள எழுதுனதே நான்தாங்க. இருபது கேள்வியும் நான் யோசிச்சது. எங்க வீட்ல ரெண்டு பசங்க, மாமனார், மாமியார். கதவு பூட்டற எடம் குளியலறை ஒண்ணுதான். தொட்டி மூடி மேல கம்ப்யூட்டர வெச்சிக்கிட்டு, ஒரு முக்காலியில உக்காந்துதான் எழுதினேன். இருபதுக்கும் வட்டம் போட்டு நானும் அனுப்புனேன். போட்டோ எங்க அண்ணன் வீட்ல எடுத்தது."

"மூடி வழுக்காதா?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"ரெண்டு தடவ தண்ணிக்குள்ள விழுந்திருக்கு" என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். இத்தனை நாளில் எனக்கு மூச்சு முழுதாக வந்தது அப்போதுதான்.

போகும்போது எடுத்த படங்களை என் கண்முன்னே அழித்தார். "இத எப்படிச் செய்யணும்னு தெரியல, ஆனா சயோரி-சான் பேரு வெளிய வராது" என்றார்.

நீ சொல்லாதே என்று சொன்னதை நான் சொல்லிவிட்டேன். திட்டு.

மொரிஹிகோ


சகாதா,
மார்ச் 7

மொரிஹிகோ-சான்,

திட்டுகிறேன்.

நான் எழுதியிருந்தேன், பேச வேண்டாம் என்று. அவ்வளவு தெளிவாக வேறு எதையும் உங்களிடம் நான் கேட்டதே இல்லை. போகப்போவது என் வேலை, என் பெயர், என் சான்றிதழ். உங்களுக்குக் காது சுட்டது, கண்ணீர் வந்தது, மூச்சு வந்தது. நல்லது. எனக்கு நேற்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. அரிசிப் பெட்டியிலிருந்து கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அன்று என்னைக் கேட்காமல் கட்டினீர்கள். இன்று என்னைக் கேட்காமல் திறந்து காட்டினீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் இரண்டையும் செய்தீர்கள், அது எனக்குத் தெரியும். என் இடத்தைப் பற்றி முடிவு செய்வது எப்போதும் நீங்களாகவே இருக்கிறீர்கள்.

பதில் எழுத அவசரப்பட வேண்டாம்.

சயோரி


கவாகுச்சி,
மார்ச் 12

சயோரி,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நான்கிலும் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றுதான் எழுதியிருந்தேன். அது உனக்குத் தேவையில்லை என்று நான்காவதைக் கிழிக்கும்போதுதான் புரிந்தது.

நீ சொல்வது சரி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நான் தவறு செய்தேன், இரண்டு முறையும்.

வேலை போனால் போகட்டும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. போனால் அதற்கு நான்தான் காரணம். எது வந்தாலும் உன்னோடு நான் நிற்பேன். நீ வேண்டாம் என்று சொன்னால் தள்ளி நிற்பேன்.

நேற்றோடு என் மூன்று வாரமும் நான்கு நாளும் முடிந்தது. அலமாரியை இடிக்கலாமா என்று ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு அதையும் உன்னிடம் கேட்கவில்லை என்று நினைவு வந்து கீழே வைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

இதோடு நம் வீட்டின் வரைபடத்தை வைத்திருக்கிறேன். சுவர்கள், சன்னல்கள், தண்ணீர்க் குழாய், மின்சாரம் வருகிற இடங்கள் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு மேசைகூட வரையவில்லை, ஒரு அளவுகூடப் போடவில்லை. என் வாழ்க்கையில் வெறும் வீட்டை நான் யாருக்கும் அனுப்பியதில்லை. நீ எங்கே உட்கார விரும்புகிறாய்? வரைந்து அனுப்பு. எங்கேயும் இல்லை, அக்கா வீட்டிலேயே இருக்கிறேன் என்றாலும் அதை எழுது.

மொரிஹிகோ


சகாதா,
மார்ச் 19

மொரிஹிகோ-சான்,

முதலில் உங்களிடம் மறைத்த ஒன்று. ஆறாம் தேதி உங்கள் கடிதத்தைப் படித்தேனே, 'அது என்னோட மேசைங்க' என்ற இடம் வந்ததும் "அடப் பாவி மனுஷா!" என்று கத்தினேன். குரலோடு கத்தினேன். கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா யாரோ திருடன் வந்துவிட்டான் என்று துணிக்கோலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தாள். என்னைப் பார்த்து, "அடியே, பேசிட்டடி! இன்னொரு தடவ திட்டு, இன்னொரு தடவ!" என்று குதித்தாள். திட்டினேன். அன்று சாப்பாடு வரைக்கும் உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கோபத்தில் உங்களுக்கு எழுதாமல் விட்டேன். இப்போது குரல் கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் வருகிறது.

நேற்று உசுயி-சான் கடிதம் வந்தது. உங்கள் வாய்க்கும் என் வேலைக்கும் நடுவில் அந்த அம்மாதான் நின்றிருக்கிறார். பெயர் எழுதாத புதிய தாள் ஒன்றை எல்லோருக்கும் அனுப்பினாராம், ஒரே கேள்வியோடு: போன வருடம் நீங்கள் அனுப்பிய படம் உங்கள் இடம்தானா? தாள் போனது நூற்று நாற்பது பேருக்கு, அதில் ஐம்பத்தெட்டுப் பேர் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வாகன நிறுத்தத்தில் காருக்குள். ஒரு பெண் துணி காயப்போடும் மாடத்தில், குளிரில் போர்வையோடு. ஒருவர் மூன்று பேர் தூங்குகிற அறையில் இஸ்திரிப் பலகை மேல், நின்றுகொண்டே. கடைசித் தாளில் தன் குளியல்தொட்டி மூடியைப் படமெடுத்து, தன் பெயரையும் எழுதி, இயக்குநர் மேசையில் வைத்தாராம் உசுயி-சான். பெருக்கல் குறி போட்டதற்காக யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டுப் பேரை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்ப முடியுமா? ஏப்ரலிலிருந்து மூன்று ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்து வேலை பார்க்க இருக்கைகள் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதில் ஒன்று கவாகுச்சி.

நான் மனநல மருத்துவரின் சான்றிதழையும் நேற்றே அனுப்பிவிட்டேன். யாரும் கேட்காமல், நானாக. தபால்பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது கால் லேசாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் விடுப்பு, அப்புறம் பாதி நாள் வேலை. தலை வணங்கச் சொல்கிற பயிற்சி மட்டும் மாறவில்லை. நான் இனிமேல் வணங்காமல்தான் மன்னிப்புக் கேட்கப்போகிறேன், குரலில் பணிவு குறைந்தால் குறையட்டும்.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், முக்கால்வாசி. நீங்கள் செய்தது தவறுதான். ஆனால் மூன்று வருடத்தில் என் குரலைக் கேட்டு யாரோ புகழ்ந்தபோது அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் துடித்த ஒரே ஆள் நீங்கள்தான். அதை நினைத்து நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. கோபமும் இதுவும் ஒரே நாளில் மாறி மாறி வருகின்றன, அக்கா பைத்தியம் என்கிறாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். காற்று விட்டால் ஓமியாவில் மூன்று மணிக்கு. பையை நீங்கள் தூக்கினால் போதும், என்னைப் பேசவைக்க வேண்டாம், நானே பேசுவேன்.

வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு இரவு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெற்குச் சன்னல் பக்கத்தில் சாப்பாட்டு மேசை ஒன்று வரைந்திருக்கிறேன், கோணலாக. அதன் மேல் கணினி, கருவி, தாள் எதுவும் வைக்கக் கூடாது. நாம் சாப்பிட மட்டும்தான். என் வேலைக்கு வீட்டில் இடம் வேண்டாம், நிலையத்துக்கு நடந்து போய் வருகிறேன். அலமாரியில் மெத்தைகளைத் திரும்ப வையுங்கள்.

உங்கள் வேலை மேசையை நான் எங்கேயும் வரையவில்லை. அது இருந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், அது தெரியும். நானாக ஒரு மூலையில் தள்ளி வரைய பென்சிலை வைத்தேன், வைத்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். நீங்கள் எங்கே உட்கார விரும்புகிறீர்கள், மொரிஹிகோ-சான்?

சயோரி